முழம் சொன்ன மீன்

படகு மோட்டார் ரிப்பேர் செய்பவருக்கு அந்த ஏரியில் 'முழம்' என்றுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமை அங்கே தண்ணீர் கண்ணில் படவே கொடுத்துவைத்திருக்க வேண்டும், அத்தனை படகு! ஒருவர் தூண்டில் வீசினால் அடுத்தவர் தொப்பி மாட்டும். முழத்திடம் கேட்டால், "நெரிசல் தாங்காம ஒரு மீன் தானாவே துள்ளி என் படகுல ஏறிடுச்சுப்பா. கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னுச்சு" என்பார். எவ்வளவு பெரிசு என்று யாராவது வாயைக் கொடுத்தால் தொலைந்தது. இரண்டு கையையும் விரிப்பார் பாருங்கள், பக்கத்துப் படகுக்காரர் குனிந்துகொள்ள வேண்டும்.

மனைவி புழு டப்பாவை விட்டுத் தலையைத் தூக்காமலே, மண் கையால் அவர் கைகளைப் பிடித்து உள்ளே தள்ளுவாள். "போதும் போதும், ஏரி பத்தாது." தள்ளத் தள்ள மீன் சிறுத்து உள்ளங்கை அளவில் வந்து நிற்கும். சுற்றியிருக்கும் படகெல்லாம் சிரிக்கும். அவர் சட்டைக் கையில் மண் ஒட்டாத ஞாயிறே கிடையாது.

குளிர்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். அவருக்கு அழுகை வரவில்லை, பசியும் வரவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டார், மோட்டாரை வைத்தால் கழற்றிப் பூட்டினார். ஊசி போட்ட ஈறு மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. "அழுதிடுங்கப்பா" என்று மகள் கெஞ்சினாள். வந்தால்தானே அழ! மனுஷன் இப்படியே இருந்துவிடுவாரோ என்று அவள் பயந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிவாதமாக ஏரிக்கு இழுத்துவந்து, அம்மா உட்காரும் பலகையில் தான் உட்கார்ந்தாள்.

"என்னண்ணே, மீன் ஏதாச்சும் வந்து பேசுச்சா?" பக்கத்துப் படகுக்காரர் பழைய நினைப்பில் கேட்டுவிட்டார்.

"ம். வந்துச்சு."

"எவ்ளோ பெரிசு?"

கைகள் பழக்கத்தில் தாமாக விரிந்தன. விரிந்து, நிற்குமிடம் தெரியாமல் அப்படியே நின்றன. யாரும் சிரிக்கவில்லை. மகளுக்கு மனசு கேட்கவில்லை. புழு டப்பாவிலிருந்து கையை எடுத்து, அவர் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல உள்ளே தள்ளினாள்.

"கைய எடு!" என்று கத்தினார். "அது அவ வேலை!"

கத்தின வாய் மூடவில்லை, அப்படியே அழுகையாகிவிட்டது. சட்டைக் கையில் மண்ணோடு, விரித்த கையை மடக்காமல் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பக்கத்துப் படகுக்காரர் தூண்டிலைக் கீழே வைத்தார்.

"இருக்கும்ணே," என்றார். "அவ்ளோ பெரிசுதான் இருக்கும்."