மகளின் ட்ரிம்மரும் என் பாதித் தாடியும்

திண்டிவனத்தில் இன்ஜினியரிங் படிக்கும் மகள் இன்று கேட்காமலே காபி போட்டுக் கொடுத்தாள். அப்போதே சந்தேகப்பட்டேன்.

"அப்பா, கழுத்துல முடிய இழுக்காத ட்ரிம்மர் ஒண்ணு பண்ணிக்கினு இருக்கேன். உன் தாடியில டெஸ்ட் பண்ணட்டா?"

"உங்க காலேஜ்ல தாடி வச்சவனே இல்லியா?"

"அவனுங்க பயப்படுறானுங்கப்பா."

சந்தேகம் இரட்டிப்பானது. இருந்தும் கழுத்தை நீட்டினேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், இழுக்கவும் இல்லை, எரியவும் இல்லை. வலது பக்கம் முடிந்ததும் நிறுத்திவிட்டாள்.

"திங்கக்கிழமை சாருக்கு ரெண்டு பக்கமும் காட்டணும். இடது பக்கத்தையும் எடுத்தா மார்க் போயிடும்பா."

"நாளைக்கு உன் அத்தை பொண்ணுக்கு நிச்சயதார்த்தம்மா! தாய்மாமன் நான் சபையில உக்காரணும்!"

"துண்டு போட்டுக்கோப்பா."

இப்போது விழுப்புரம் பஸ்ஸில் துண்டோடு போகிறேன். நாளை மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரையும் என் வலது பக்கமே உட்கார வைக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.