குதிரைக்காரன்தான் ஓட்டணும்

என் இடுப்பு உயரம்கூட வராத குதிரைங்களப் பாத்துக்கிறவன் நான். பர்மால தாமுவேங்கிற பேட்டை எங்களுது, எங்க தெருவுல இதச் சொன்னா, குதிரையா ஆட்டுக்குட்டியான்னு கேப்பாங்க. நானும் சேந்து சிரிச்சிருவேன். என் உயரமும் வெளிய சொல்லிக்கிற மாதிரி இல்ல. குதிரையும் நானும் பக்கத்துல நின்னா ஜோடிப் பொருத்தம் அமோகம்னு என் வீட்டுக்காரி சொல்லுவா. படிப்புலயும் பெரிய வித்தியாசம் இல்ல. அது பள்ளிக்கூடம் போகல, நான் போயிட்டு ஓடி வந்துட்டேன்.

குதிரைங்க ஒரு பர்மாக்கார முதலாளியோடது. சயான்னுதான் நாங்க கூப்பிடுவோம், ஐயாங்கிற மாதிரி. ஊருக்கு வடக்க பெரிய தோட்டம், அதுல லாயம். வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்ச குட்டை ஜாதி. அதுல ஒரு செவலப் பொட்டை இருக்கு, அதுதான் என் செல்லம். மழை முடிஞ்சதும் இந்த மாதிரி குதிரை வச்சிருக்கிற பணக்காரங்கல்லாம் ஒரு கிளப்பு மைதானத்துல ஷோ நடத்துவாங்க. ஷோன்னா என்ன, கல்யாணப் பொண்ணு மாதிரி தலைவாரி, குளம்புக்கு எண்ணெ போட்டுக் கொண்டுபோய் நிறுத்தணும். ஜட்ஜு சுத்திச் சுத்திப் பாப்பாரு. அப்புறம் கயித்தப் புடிச்சு நடத்தி ஒரு குச்சியத் தாண்ட வைக்கணும். அவ்வளவுதான். வண்டி இழுக்கிறதுன்னு ஒரு பிரிவே கிடையாது.

பெட்ரோலுக்கு ஊரே வரிசைல நின்னுச்சே, அப்பதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. புல்லு ஏத்திட்டு வர்ற வண்டி வரல. குதிரைங்க என்னைய மொறைக்குது. நான் ஒரு பழைய சைக்கா, அதான் சைக்கிள் ரிக்சா, அதுலேர்ந்து சக்கரத்தக் கழட்டி, மூங்கி வச்சுக் கட்டி, குட்டியூண்டு வண்டி ஒண்ணு செஞ்சேன். செவலயப் பூட்டுனேன். மொத நாளு அவ என்னைய வாய்க்கால்ல தள்ளிவிட்டா. மறுநாளும் அதே வாய்க்கால். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பழகிட்டா. “போவம்”னா நடப்பா, “ஓட்டமா”ன்னா குதிப்பா, “பைய”ன்னா அடங்குவா. “நில்லு தாயி”ன்னு சொல்லணும். வெறும் நில்லுன்னா நிக்க மாட்டா, மரியாத கேக்குற சாதி.

இவ்வளவு அழகா ஓடுறவள ஷோவுல சும்மா நிக்க வைக்கிறது பாவம்னு பட்டுச்சு. வண்டிப் பிரிவுன்னு ஒண்ணு வைக்கலாமேன்னு தோணிச்சு. நேராவே சொல்லிடுறேன், அவளுக்காக மட்டும் இல்ல. எனக்கு ஒரு தடவ ஆளுங்க முன்னாடி அந்த வண்டில உக்காந்து ஓட்டணும்னு ஆசை. சாணி அள்ளுறவன்னு பேரு வாங்கிட்டேன், ஒரு தடவயாவது வேற மாதிரி பாக்கட்டுமேன்னு.

ஷோ நடத்துற கமிட்டிகிட்ட சொல்றதுக்கு எனக்கு வாய் பத்தாது. என் பர்மா, சந்தை பர்மா. பெரிய மனுசங்ககிட்ட பேசுனா திட்டுற மாதிரியே இருக்கும். அதுக்குத்தான் என் கூட்டாளி இருந்தான். சயாவோட காரு ஓட்டுறவன். அவனும் தாமுவேதான், நம்ம தமிழ்ப் பயதான், ஆனா படிச்சவன். அவன் பர்மா பேசுனா டிவில செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். நாங்க ரெண்டு பேரும் ஒரே தட்டுல தின்னு வளந்தவனுங்க. அதுல பாதிக்கு மேல அவன்தான் தின்னுருப்பான், அத இப்பதான் யோசிக்கிறேன்.

டீக்கடைல உக்கார வச்சு அவன்கிட்ட வெவரமா சொன்னேன். வண்டிப் பிரிவு வேணும், அதுல ஒரே ஒரு சட்டம் வேணும்.

“குதிரைக்காரன்தான் ஓட்டணும். அத மட்டும் மறக்காம சொல்லிருடா மச்சான்.”

“சொல்லிட்டாப் போச்சு மாப்ள,”ன்னான்.

கமிட்டி கூடுன அன்னைக்கு நான் வெளிய செவலயப் புடிச்சிட்டு நின்னேன். உள்ள சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. வெளிய வந்தவன் என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். ஒத்துக்கிட்டாங்க, நீ சொன்னத அப்படியே எடுத்து வச்சேன்னான். நான் அழுதுட்டேன். செவல என் சட்டைப் பொத்தானத் தின்னுட்டா.

அன்னைலேர்ந்து சாயங்காலமானா அவன் லாயத்துக்கு வருவான். வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்துக்குவான். எதச் சொன்னா திரும்புறா, எதச் சொன்னா நிக்கிறான்னு ஒண்ணொண்ணா கேப்பான். பேச்சுக்கு ஆள் கிடைச்சா நான் சும்மா இருப்பனா. எல்லாத்தையும் கொட்டிட்டேன், அந்த “தாயி” உள்பட. கூட்டாளின்னா இப்படில்ல இருக்கணும்னு வீட்டுல வேற பெருமையடிச்சேன். நான் லீவு போட்டு மறுநாள் வந்தா வண்டிச் சக்கரத்துல புது மண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். சயாவோட பேரப் புள்ளைங்க வெளாடுச்சுங்கன்னான். நம்பிட்டேன்.

ஷோ அன்னைக்கு என் வீட்டுக்காரி புதுத் தமெயின், அதான் பர்மாப் பொம்பளைங்க கட்டுற லுங்கி, கட்டிக்கிட்டு வந்தா. கல்யாண வீட்டுக்கு மட்டும் கட்டுறதுக்குன்னு பொட்டிலயே வச்சிருந்தது. தெருவுல எல்லார்கிட்டயும், எங்க வீட்டுக்காரரு குதிரை வண்டி ஓட்டப் போறாருன்னு சொல்லி, ரெண்டு பொம்பளைங்களையும் இழுத்துட்டு வந்துட்டா. நான் தலைக்கு எண்ணெ தேச்சு, செவலயோட சீப்பால சீவிக்கிட்டு நின்னேன். மைக்குல அறிவிப்பு வந்துச்சு. புதுசா வண்டிப் பிரிவு, குதிரைய வச்சிருக்கிற சொந்தக்காரங்க மட்டும்தான் ஓட்டலாம். பர்மால பைங்ஷின்னு சொன்னாங்க. பைங்ஷின்னா உடமஸ்தன்.

குதிரையப் பாத்துக்கிறவனுக்கு பர்மால தனி வார்த்தை இருக்கு, மியின்தெய்ன். அந்த வார்த்தை மைக்குல வரவே இல்ல. மைக்கப் புடிச்சிட்டு நின்னது என் கூட்டாளி. கிளப்பு சட்டை போட்டிருந்தான். அந்தப் பிரிவ நடத்துற ஆளே அவன்தானாம்.

ஓடிப்போய் அவன் கையப் புடிச்சேன்.

“என்னடா சொன்ன அவங்ககிட்ட?”

“நீ சொன்னதத்தான்.”

“நான் குதிரைக்காரன்னுல்ல சொன்னேன்.”

“குதிரை யாரோடது? சயாவோடது. கடைக்காரன்னா கடை வச்சிருக்கிறவன். வீட்டுக்காரன்னா வீடு வச்சிருக்கிறவன். குதிரைக்காரன்னா?”

பாத்தா நாயம் மாதிரியே இருக்கு. அவன் குரலத் தணிச்சு, “நானும் பொழைக்கணும்லடா. சயா ஆசைப்பட்டாரு”ன்னுட்டு மைக்குக்குத் திரும்பிட்டான்.

மைக்குல கேட்டது, அவன் டெய்லி எனக்கு போன் பண்ணுறப்ப பேசுற அதே குரல். போன எடுத்ததும் “டேய் குதிரைக்காரா, சாப்ட்டியா”ம்பான். வருசக் கணக்கா என்னையத்தான் அப்படிக் கூப்பிட்டான். ஒரு நாளாவது சயாவ அப்படிக் கூப்பிட்டிருப்பானா? அந்த வார்த்தைக்கு அர்த்தம் யாருன்னு அவனுக்குத் தெரியாதா?

சயா வந்து என் மூங்கி வண்டில ஏறி உக்காந்தாரு. வண்டிக்கு வெள்ளப் பெயிண்ட் அடிச்சிருந்தாங்க. என் மனசுல ஒரு கெட்ட நிம்மதி. செவலைக்கு பர்மா தெரியாது, நகர மாட்டா, பாக்கட்டும் எல்லாரும்னு கையக் கட்டிக்கிட்டு நின்னேன். சயா கடிவாளத்த இழுத்தாரு.

“போவம்,”னாரு.

அச்சு அசல் தமிழ்ல. அவ நடந்தா. “ஓட்டமா”ன்னாரு, ஓடுனா. என் வார்த்தை ஒவ்வொண்ணா அவர் வாயிலேர்ந்து வந்துச்சு. வளைவுல “பைய”ன்னதும் பூ மாதிரி திரும்புனா. சனம் கை தட்டுது. நான் வேலி ஓரமா நின்னு கையக் கையக் காட்டுனேன், ஒரு தடவ இந்தப் பக்கம் பாப்பாளான்னு. பாக்கல. எப்படிப் பாப்பா, கண்ணுக்கு ரெண்டு பக்கமும் தோல் மறைப்பு போட்டிருக்கு. ராவும் பகலுமா உக்காந்து அதத் தைச்ச புண்ணியவான் நான்தான். கடைசில “நில்லு டாயி”ன்னாரு. தா வரல அவருக்கு. அதுக்கும் நின்னுட்டா.

என் வீட்டுக்காரி பக்கத்துல வந்த பொம்பளைங்ககிட்ட, “இவரு பழக்குன குதிரதான்”னு சொல்லிட்டு, தமெயின் தரையில படாமத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நின்னா.

சயாவுக்கு ரிப்பன் குத்துனாங்க. செவலய அவுக்க நான் போனேன். சயா நல்ல மனுசன்தான், சந்தோசத்துல இருந்தாரு. குதிரைக்கு ஏத்த பாஷை இதுன்னு பக்கத்துல நின்னவங்ககிட்ட சொன்னாரு. டிரைவர்தான் எல்லாம் பழக்கிக் கொடுத்தான்னு என் கூட்டாளி தோள்ல தட்டுனாரு. அவன் குனிஞ்சு கும்புட்டான். அப்புறம் சயா என்னையத் திரும்பிப் பாத்தாரு.

“உனக்கும் இந்த பாஷை தெரியுமா?”

என் கூட்டாளி என்னையப் பாத்தான். கண்ணு கெஞ்சுது. நான் நெனச்சிருந்தா அங்கயே அவன் வேலைய ஒண்ணுமில்லாம ஆக்கியிருக்கலாம். சந்தை பர்மா போதும் அதுக்கு.

“கொஞ்சம் கொஞ்சம் தெரியும் சயா,”ன்னேன்.

பஸ்ல வீட்டுக்கு வர்றப்பதான் அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் ஞாபகம் வந்துச்சு. தோட்டக்காரன்! தோட்டக்காரனுக்கு ஏதுடா தோட்டம்? வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். நல்லாருக்கு, நாளைக்கு அவன்கிட்ட போய்ச் சொல்லுங்கன்னா. சொல்லல. மறுநாள் அவன் டான்பவ் பிரியாணிப் பொட்டலம் வாங்கிட்டு லாயத்துக்கு வந்தான். கறி பெருசா இருந்துச்சு. கோவம் வேற, பசி வேற, தின்னுட்டேன். கோவமாடா மாப்ளன்னான். இல்லன்னேன், பர்மால. அவன் தமிழ்ல என்னென்னமோ கேட்டான், நான் எல்லாத்துக்கும் பர்மாலயே சொன்னேன். சிரிச்சான், வெளாடுறேன்னு நெனச்சிருப்பான்.

இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான். போன்ல அவன் தமிழ்ல ஆரம்பிப்பான், நான் சந்தை பர்மால பதில் சொல்லிட்டு வச்சிருவேன். ஏன்டா எங்கூட தமிழ் பேச மாட்டியான்னு போன வாரம் கேட்டான். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. இருக்கிறதையெல்லாம் நீதான் வாங்கிட்டுப் போயிட்டியே, எங்கிட்ட மிச்சம் ஏதுன்னு சொன்னேன். அதையும் பர்மாலதான் சொன்னேன். அவனுக்கு நல்லாவே புரிஞ்சிச்சு, படிச்சவன்ல.