சுட்ட அளவு, பச்சை அளவு

1. ஒரே பேரில் இரண்டு

"செல்வி, இன்னா இது? வெட்டின மாடலு சிறுசா இருக்குது."

அச்சுக்கூடத்து ஜெயராமன் அண்ணன் வாசலில் நின்று கேட்டபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் யூனிட் எங்களுடையது. நான் டிராயிங் செக்‌ஷன். பதினெட்டு வருஷ சர்வீஸில் அன்றைக்குத்தான் நான் எவ்வளவு பெரிய மடச்சி என்று எனக்கே தெரிந்தது.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ். அச்சுக்கூடத்தில் அச்சுக்கான மாடலை வெட்டும் மெஷினோடு இருப்பதில் லினக்ஸ். நடுவில் பென்டிரைவும் கையுமாக அலைந்து அலுத்துப்போய், இரண்டிலும் ஓடும் ஒரு கமாண்ட் லைன் டூலை இறக்கினேன். மவுஸ் வேண்டாம். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் ஃபைலைக் காப்பி செய்யும், நகர்த்தும், அழிக்கும். இரண்டு ஃபோல்டரை ஒன்றுபோல ஆக்கவும் ஒரு கமாண்ட் உண்டு. ஆபீஸ் ஃபோல்டரைப் போலவே அச்சுக்கூடத்து ஃபோல்டரும் ஆகட்டும் என்று முந்தின நாள் சாயங்காலம் அதைத்தான் தட்டினேன்.

அவசரப்படவில்லை. என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே காட்டும் ஆப்ஷனையும் போட்டுப் பார்த்தேன். அச்சுக்கூடத்து ஃபைல் அத்தனையும் மாறும் என்று வரிவரியாகக் காட்டியது. பழசெல்லாம் புதுசாகிறது என்று சந்தோஷமாக என்டர் தட்டினேன். அச்சுக்கூடத்து பேக்கப் டிரைவுக்கும் அதே கமாண்ட்.

பீங்கான் சூளையில் வெந்தால் சுருங்கும். ஆபீஸில் இருந்தது ஆர்டர் பார்ட்டி கொடுத்த சுட்ட அளவு, அதாவது வெந்து முடிந்த கட்டையின் அளவு. அதை அண்ணன் வெட்டும்போது மெஷினில் பெரிதாக்கிக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். அவரோ ஃபைலையே திருத்தி, சுருக்கத்துக்கும் சேர்த்து, சுடுவதற்கு முந்தின பச்சை அளவாக அதே பேரில் வைத்திருந்தார். அதன் மேல்தான் சுட்ட அளவை ஏற்றிவிட்டேன்; பேக்கப்பிலும்.

2. வெர்னியர்

முதலாளி யாகூப் பாய் குரலை உயர்த்தவில்லை. "மாசக் கடைசிக்குள்ள சரக்கு போகலன்னா பார்ட்டி வேற எடம் பாத்துடுவாங்க. அந்த டூல தூக்கிப் போடும்மா. பென்டிரைவே போதும்."

"அது நான் சொன்னதத்தான் செஞ்சுது மொதலாளி. தப்பு என்னுது. நானே சரி பண்றேன்."

எல்லாவற்றையும் ஒரே கணக்காகப் பெரிதாக்கினால் போதாதா என்று அண்ணனிடம் கேட்டேன்.

"நீளத்துல ஒரு மாதிரி சுருங்கும், கனத்துல ஒரு மாதிரி சுருங்கும். ஒவ்வொண்ணும் சுட்டுப் பாத்து, திருத்தி, திரும்பவும் சுட்டுப் பாத்து வெச்சது. பதினஞ்சு வருசம்மா."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதால் வேலை நடக்காது என்று அளவெடுக்கும் வெர்னியரை எடுத்துக்கொண்டு அச்சுக்கூடத்துக்குப் போனேன்.

அலமாரியில் பச்சை அளவில் செய்த பழைய மாஸ்டர் அச்சுகள் இருந்தன. அவர் அளந்து சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஆர்டருக்கு வேண்டிய ஆறு வகைக் கட்டை முதலில். அச்சு தேய்ந்த இடங்களுக்கு ஞாபகத்திலிருந்து அளவு சொன்னார். கம்மாபுரத்து வீட்டுக்கு வழக்கமாகப் பிடிக்கும் பஸ்ஸை எனக்காக நாலு நாள் விட்டார்.

சூளையிலிருந்து வந்த கட்டைகளில் பித்தளை டெர்மினலைப் பொருத்திப் பார்த்தார். ஐந்தில் உட்கார்ந்தது. ஆறாவதில் இடித்தது.

"வுடு, இன்னொருக்கா வெட்டலாம்," என்றார்.

வெட்டினோம், சுட்டோம், உட்கார்ந்தது. சரக்கு தேதிக்குள் போனது. மீதி ஃபைல்களை முடிக்க மூன்று மாதம் பிடித்தது. ஒன்றையும் விடவில்லை. பச்சை அளவுக்கு இப்போது தனி ஃபோல்டர் இருக்கிறது.

டூலை இன்றும் ஓட்டுகிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கமாண்டுகளைக் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள்; நல்லதுதான். அச்சுக்கூடம் பக்கத்துக் கட்டடம். "அண்ணே, இந்த ஃபோல்டர்ல இன்னா வெச்சிருக்கீங்க?" என்று நான் அன்றைக்குக் கேட்டிருந்தால் அண்ணன் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். மானுவல் படித்தேன், முன்கூட்டியே ஓட்டிப் பார்த்தேன், பேக்கப்கூட வைத்திருந்தேன். அவரை மட்டும் கேட்கவில்லை.