கயிறு பட்ட இடம்

வட்டவளை ஊர்ப் பவுலினுக்கு, பயப்படுவதுதான் முதல் தொழில். மணப்பெண்களைச் சோடிப்பது அதற்கு அடுத்ததுதான். கலியாணத்துக்கு முதல் நாளே சோறு இறங்காது. கொண்டை ஊசிகளை மூன்று தடவை எண்ணுவாள், நாலாவது தடவை கணக்குத் தப்பி முதலிலிருந்து தொடங்குவாள். நாற்பத்திரண்டு வயதில் பன்னிரண்டு வருஷம் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தே போய்விட்டது. பிறகு ஹட்டனில் ஒரு சலூனுக்குத் தரை பெருக்கப் போய், பெருக்கிக்கொண்டே பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டாள். அவள் போட்ட கொண்டை ஒன்றுகூட இதுவரை அவிழ்ந்ததில்லை. ஆனாலும் இன்றைக்குக் கட்டாயம் அவிழும் என்று ஒவ்வொரு முறையும் நம்பினாள்.

வட்டவளையைவிடக் குளிர் கூடிய பட்டிப்பொலயில், ஷிராணியின் கலியாணத்தில் மட்டும் அவள் பயந்ததற்குச் சரியான காரணம் இருந்தது.

ஷிராணிக்கு இடுப்பைத் தாண்டிய கூந்தல். கொண்டை போட்டால் இரண்டு கை நிறையும். உச்சந்தலைதான் தொல்லை. எட்டு வருஷமாகக் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி இழுத்ததில், கயிறு படுகிற இடத்தில் காதிலிருந்து காதுவரை முடி அறுந்து அறுந்து, குட்டை குட்டையாக விறைத்துக்கொண்டு நின்றது. கொழுந்து பறிக்க மலைக்குப் போன பெண்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பவுலின் தலையிலும் அது உண்டு. அதனால்தான் அவள் எப்போதும் ஸ்காஃப் கட்டியிருப்பாள்.

மாப்பிள்ளை றொக்சனை வளர்த்த பெரியம்மா கொழும்பில் இருப்பவர். பெண் பார்க்க வந்தபோதே, "மலைக்குப் போற பொண்ணு நமக்குச் சரிவராதுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஷிராணியின் அப்பா றோலண்ட் யோசிக்கவே இல்லை. "சேச்சே, புள்ள வீட்டோட இருந்து தையல்தான் செய்யுது" என்றார். வீட்டில் தையல் மெஷினே கிடையாது. றொக்சனுக்கு உண்மை தெரியும். கலியாணம் முடியட்டும், நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றிருந்தான். ஆனால் நாளையிலிருந்து ஷிராணி வாழப்போவது அந்தப் பெரியம்மாவின் வீட்டில்.

"அக்கா, அவங்க கண்ணுல மட்டும் பட்டுறக் கூடாது. பொய்க்காரக் குடும்பம்னு நெனச்சிருவாங்க. எப்புடியாச்சும் அமுக்கி விட்டுருங்க," என்று கையைப் பிடித்துக்கொண்டாள் ஷிராணி.

"நான் இருக்கேன்ல புள்ள," என்றாள் பவுலின். சொல்லிவிட்டு, கொண்டை ஊசிகளை மறுபடியும் எண்ணத் தொடங்கினாள்.

தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் சூடான இடம் அடுப்படிதான். அங்கேயே உட்கார வைத்துச் சோடித்தாள். வெள்ளை முக்காட்டை முன்னால் இழுத்தால் முகம் மறைந்தது. பூவளையம் வைத்தால் அதற்கு இரண்டு பக்கமும் முடி எட்டிப் பார்த்தது. ஸ்ப்ரே அடித்தாள். படிந்தது. யாரோ கதவைத் திறக்கப் பனிமூட்டம் உள்ளே வந்ததும், ஒவ்வொன்றாக எழும்பியது. ஜெல்லும் ஐந்து நிமிஷத்துக்குத்தான் தாங்கியது. கடைசியில் தன் பழைய வைத்தியத்துக்கு வந்தாள். அடுப்போரம் வைத்து இளக்கிய தேங்காயெண்ணெயைப் புது டூத்பிரஷ்ஷில் தொட்டு, பின்பக்கமாக மெல்ல மெல்ல நீவினாள். ஒன்று விடாமல் படுத்துக்கொண்டது. ஷிராணி கண்ணாடியைப் பார்த்து அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பவுலினுக்குப் பயம் இன்னும் கூடியது.

லயத்துப் பாதையில் கார் ஏறாது, அதனால் ஆட்டோவில்தான் மாதா கோயிலுக்குப் போனார்கள். பத்து நிமிஷப் பாதைதான், ஆனால் காற்று இரண்டு பக்கமும் ஊசியாகக் குத்தியது. கோயில் வாசலில் இறங்கி முக்காட்டைச் சரிசெய்யப் போன பவுலின் அப்படியே நின்றுவிட்டாள். எண்ணெய் உறைந்துவிட்டது. காதிலிருந்து காதுவரை, கயிறு பட்ட அதே இடத்தில், சோக்குக் கட்டியால் கோடு போட்டதுபோல வெள்ளையாகத் தெரிந்தது.

வட்டவளையிலும் குளிர்காலத்தில் போத்தலுக்குள் எண்ணெய் உறையும்தான். ஆனால் அங்கே அவள் சோடித்த பெண்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தலையில் தடவிய எண்ணெயும் உறையும் என்று யார் கண்டது? மறைக்கச் சொன்னதை நானே கோடு போட்டுக் காட்டிவிட்டேனே என்று அவளுக்கு அழுகை முட்டியது. படிக்கட்டின் மேலே, ஊதாப் பட்டுச்சேலையில், பெரியம்மா நின்றுகொண்டிருந்தார்.

சீப்பு போட்டால் வெள்ளை வெள்ளையாக உதிரும். துடைத்தால் முடி எழும்பும். வந்தவர்களுக்குச் சுடச்சுடப் பிளேன்டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பவுலின் ஒரு கப்பைப் பிடுங்காத குறையாக எடுத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். உள்ளங்கை நன்றாகச் சுட்டதும் கப்பை மதில்மேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஷிராணியின் தலையில் அழுத்தினாள்.

"என்னாக்கா?"

"அசையாத புள்ள. கண்ண மூடிக்க."

பவுலினும் கண்ணை மூடிக்கொண்டாள். "மாதாவே, எளகிரட்டும், எளகிரட்டும்" என்று உதடு முணுமுணுத்தது.

பார்த்தவர்களுக்கு அது ஜெபமாகத் தெரிந்தது. ஷிராணியின் அம்மா கண் கலங்க ஓடிவந்து தன் கையையும் வைத்தார். சித்திமார் வைத்தார்கள். கோயில் உபதேசியார்கூட வந்து வைத்துவிட்டுப் போனார். நல்லதாய்ப் போயிற்று, ஆளுக்குக் கொஞ்சம் சூடாவது சேருமே என்று பவுலின் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஊதாச் சேலை படியிறங்கி வந்தது.

ஆசீர்வாதம் பண்ண வருகிறவரை என்ன சொல்லித் தடுப்பது? பெரியம்மா கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. விரல்கள் ஒருமுறை முன்னும் பின்னும் போய், குட்டை முடியின்மேல் நின்றன.

"எத்தன வருஷம்?" என்று மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

ஷிராணி கண்ணைத் திறக்கவில்லை. "எட்டு வருஷங்க."

றோலண்ட் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியம்மா கையை எடுத்தார். உள்ளங்கையில் எண்ணெய் மினுங்கியது. பவுலின் அவசரமாகத் துவாயை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அந்தக் கையை அப்படியே தன் தலைக்குக் கொண்டுபோய், சாயம் போட்ட கறுப்பு முடியில், காதிலிருந்து காதுவரை நீவிக்கொண்டார். அப்போதுதான் பவுலின் கவனித்தாள். அங்கேயும் முடி விறைத்துக்கொண்டு நின்றது.

"கொழும்புக்குப் போயி இருவது வருஷமாச்சி. எனக்கே இன்னும் அமுங்கல," என்றார் பெரியம்மா. "வா, உள்ள போவோம். ஃபாதர் காத்துக்கிட்டு இருக்காரு."