வெள்ளை ஒயர்

வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் அவரை ஊரில் எல்லோரும் ‘டெஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, டெஸ்டர் இருக்கும். தங்கை புருஷன் படகை ஏற்றி இழுத்துப்போகும் டிரெய்லரில் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்று சொன்னதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தார்.

“மாப்ளே, பிரேக்கை மிதிங்க.”

மிதித்ததும் பின்விளக்கு பளிச்சென்று எரிவதற்குப் பதில் மங்கியது. எர்த் சரியில்லை என்று அவருக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. டிரெய்லர் சட்டத்தில் போல்ட் வைத்து முடுக்கியிருந்த வெள்ளை எர்த் ஒயர், உப்புத் தண்ணீரில் இறங்கி இறங்கித் துருவோடு துருவாகிக் கிடந்தது. இரும்பு தெரியும்வரை தேய்த்துப் புது ஒயர் இழுக்க வேண்டும். தேய்க்கிற மிஷின் கடையில் இருந்தது; கடைச் சாவி வீட்டில் இருந்தது. உள்ளேயிருந்து தங்கை வேறு, “அண்ணே, சாப்பாடு ஆறிப்போகுது” என்றாள்.

போல்ட்டை இரண்டு சுற்று இறுக்கி, மேலே டேப்பைச் சுற்றினார். விளக்கு எரிந்தது.

“சரியாயிடுச்சா மச்சான்?”

“கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்.”

ஒன்பதாம் நாள் மத்தியானம் நல்ல மழை. படகோடு திரும்பிய மாப்பிள்ளை, குறுக்கே ஓடிய நாய்க்காக வண்டியை நிறுத்தினார். பின்னால் ஸ்கூட்டரில் வந்த தையற்காரம்மா டிரெய்லரில் மோதி விழுந்தார். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது.

“மழையில அந்தம்மா அவ்வளவு வேகமா வரலாமா?” என்று சொல்லாத ஆளில்லை. டெஸ்டரும் தலையாட்டினார்.

“பிரேக் லைட் எரிஞ்சிருக்கும்ல மச்சான்?” என்று மாப்பிள்ளை கேட்டபோது, “எரியாம என்ன?” என்று சொல்லியும்விட்டார்.

மறுநாள் காலை யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் டேப்பைப் பிரித்தார். வெள்ளை ஒயர் கையோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நாலு நாள் கடையில் உட்கார்ந்திருப்பார், கை வேலைக்குப் போகாது. ஐந்தாம் நாள் மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்று, உள்ளதைச் சொன்னார்.

“நீங்க சொன்னதை நம்பி, தப்பு அவங்க மேலதான்னு அவங்க வீட்டுக்கே போய்ச் சொல்லிட்டு வந்திருக்கேன் மச்சான்” என்ற மாப்பிள்ளை, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டெஸ்டர் அங்கிருந்து நேரே தையற்காரம்மா வீட்டுக்குப் போனார். முன்னறையில் மிஷின்மேல் போர்வை. பக்கத்தில் பாதி தைத்த பள்ளிச் சீருடைகள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தம்மா முழுவதையும் கேட்டார்.

“அப்போ லைட் எரியலை?”

“எரியலைம்மா. ஒயரே கழண்டு கிடந்துச்சு. நான் அன்னிக்கு ஒழுங்காச் செய்யலை.”

அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டார். “எல்லாரும் சொல்லிச் சொல்லி, எரிஞ்ச லைட்டு என் கண்ணுக்குத்தான் படலைன்னு நானே நம்பிட்டேன். எனக்குப் பார்வை போச்சுன்னு வீட்டுக்காரர் ஸ்கூட்டர் சாவியைப் பூட்டி வச்சிட்டார்.” பிறகு நாற்காலியைக் காட்டினார். “ஆறு மணிக்கு வருவார். அவர் முன்னாடி இதையே சொல்லுங்க.”

ஒன்றேகால் மணி நேரம் அந்த நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று அந்தம்மா கேட்கவில்லை. வீட்டுக்காரர் வந்ததும் எழுந்து நின்று சொன்னார். அந்த மனிதர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களும் வாசலில் கூடிவிட்டார்கள்.

“இன்னொரு தடவை சொல்லுங்க, அவங்களும் கேக்கட்டும்” என்றார் தையற்காரம்மா.

சொன்னார்.

மறுநாள் டிரெய்லர் அவர் கடை முன்னால் நின்றது. மாப்பிள்ளை விட்டுவிட்டுப் போயிருந்தார். டெஸ்டர் பழைய ஒயர் அத்தனையையும் உருவிப் போட்டார். விளக்குக்கு ஒன்றாகத் தனித்தனி எர்த் இழுத்தார். முறுக்கி விடாமல் ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, தண்ணீர் புகாதபடி குழாய் மாட்டினார். பிறகு ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தார்.

ஏழு வாரம் கழித்துத் தையற்காரம்மாவுக்குக் கட்டுப் பிரித்தார்கள். கட்டைவிரல் முழுசாக மடங்கவில்லை. பொத்தான் துளை வேலையை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார். ஸ்கூட்டரில் டெஸ்டர் கடை வழியாகத்தான் போகிறார். சிரிப்பதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை. அவர் தெருமுனை திரும்பும்வரை டெஸ்டர் கைவேலையை அப்படியே நிறுத்திவிட்டு நிற்கிறார்.