தண்ணீருக்கு இரண்டு

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டின் இஸ்தோப்பில் நாலு வருடம் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. டீச்சர் நான். பிள்ளைகள் இரண்டு பேர், இரண்டும் நான் பெற்றவை. வீட்டுக்கு முன்னால் தகரத்தை இறக்கி அரைச்சுவர் வைத்த இடம்தான் இஸ்தோப்பு. மழை சாய்ந்து அடித்தால் அன்றைக்குப் பள்ளி லீவு. இறம்பொடைப் பக்கத்து மழையைத் தெரிந்தவர்களுக்கு நாங்கள் எத்தனை நாள் லீவு விட்டிருப்போம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆசைப்பட்டு ஆரம்பித்ததல்ல. மூத்தவளுக்குப் பேச்சு வரவே ஐந்து வயதானது. இன்றைக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்தை நாளைக்கு வீட்டுக்கு வந்த புது ஆளைப் பார்ப்பது போல் பார்ப்பாள். தோட்டத்துப் பள்ளியில் ஒரு தவணை, மூன்று மாதம், வைத்திருந்தார்கள். இவ்வளவு பிள்ளைகளுக்கு நடுவில் இவளுக்கென்று தனியாக உட்கார ஆளில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. நான் கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்திவிட்டு அவளோடு உட்கார்ந்தேன். சின்னவளுக்கு அப்போது மழலைகூட மாறவில்லை, ஆனால் அக்காவுக்குச் சொல்வதையெல்லாம் பக்கத்தில் இருந்தே விழுங்கிவிடுவாள். ஒருத்திக்கு ஒரு எழுத்துக்கு ஒரு மாதம் வேண்டும். மற்றவளுக்கோ மொத்த எழுத்தும் ஒரு மாதத்துக்குப் போதவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் மத்தளம் போல நான்.

மூத்தவளுக்கு எண் மட்டும் ஏறவே இல்லை. ஒரு நாள் என் பழைய கொழுந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போஞ்சி விதைகளை அள்ளிப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அதையே பாடமாக்கிவிட்டேன். அவள் கொழுந்து கொண்டுவருவாள், நான் நிறுப்பேன், ஒரு விதை ஒரு கிலோ. மெல்ல மெல்லப் பத்து வரைக்கும் வந்தாள். ஆனால் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று இரண்டு கிலோ கழித்துத்தான் எழுதுவார்கள். அது தெரியாத பிள்ளை எங்கள் லயத்தில் இல்லை. இவளும் எண்ணி முடித்ததும், யாரும் கேட்காமலே, "தண்ணிக்கு ரெண்டு" என்று இரண்டு விதையைத் தள்ளி வைப்பாள். பத்து வரைக்கும் வந்தாளே என்ற சந்தோசத்தில் நான் தடுக்கவில்லை. பிறகு எதை எண்ணினாலும் கழிக்கத் தொடங்கினாள். அப்பாவின் தட்டில் இரண்டு ரொட்டி இருந்தால் ஒன்றுமே இல்லை என்பாள். அவர் தட்டை அணைத்துப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அவர்தான், தான் வேலை செய்யும் கொழுந்து அரைக்கும் ஸ்டோரில் யாரோ சொன்னார்கள் என்று அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். இவளைப் போன்ற பிள்ளைகளுக்குக் கண்டியில் விடுதியோடு பள்ளி இருக்கிறதாம், ஓர் இடம் காலியாகியிருக்கிறதாம். எனக்குச் சுருக்கென்றது. என்னை விட்டால் அவளுக்கு யார் தலை பின்னுவார்கள், அவள் பாதியில் நிறுத்தும் வார்த்தையை யார் முடித்து வைப்பார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "நாம இருக்கிற வரைக்கும்தாம்மா இந்த இஸ்தோப்பு. அதுக்கப்புறம்?" அடுத்த வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் பஸ் ஏறினேன்.

அந்தப் பள்ளி டீச்சர் மேசையில் பத்து மணிகளை வைத்து எண்ணச் சொன்னார். இவள் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். கடைசியில் எட்டு என்றாள். மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடியும் எட்டு. டீச்சர் முகம் வாடியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. சரி, என்னோடுதான் திரும்பி வரப்போகிறாள், போகும் வழியில் கம்பளையில் இறங்கி அவளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்துவிட்டேன். அதற்குள் இவள் இரண்டு மணியைத் தள்ளி வைத்து, "தண்ணிக்கு ரெண்டு டீச்சர்" என்றாள்.

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கொழுந்து நிறுக்கும் கதையைச் சொன்னேன். அவர் அவள் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"கழிக்கவே தெரியுதேங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்."

அவளை விட்டுவிட்டு வந்த அன்று பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை கம்பளை வரை காலியாகவே இருந்தது. வீட்டில் சின்னவள் தோட்டத்துப் பள்ளிக்குப் போய்விடுவாள், அவர் ஸ்டோருக்குப் போய்விடுவார். என்னை மறுபடி மலைக்குக் கூப்பிட்டார்கள், போனேன். கொழுந்தைக் கிள்ளும் கை தன் பாட்டில் கிள்ளியது, மனம் பிள்ளையைத் தேடிக்கொண்டே இருந்தது. ஞாயிறுகளில் டெலிபோனில் அவள் மூச்சுச் சத்தம்தான் அதிகம் கேட்கும். அதையும் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

சித்திரை லீவுக்கு அவளைக் கூட்டி வந்தேன். என்னென்ன சொல்லிக்கொடுக்கலாம், என்னென்ன சமைக்கலாம் என்று ஒரு தவணை முழுக்க நினைத்து வைத்திருந்தேன். அவளோ தன் படுக்கையைத் தானே மடித்தாள். தலையைப் பின்ன நான் உட்கார்ந்தால் சீப்பை வாங்கிக்கொண்டாள். கோணல் வகிடுதான், ஆனால் அவளே எடுத்த வகிடு. பாதியில் நின்ற வார்த்தையை நான் முடிக்கப் போனால் கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு, திக்கித் திக்கித் தானே முடித்தாள்.

லீவு பாதி கூடப் போகவில்லை. ஒரு காலையில் வெள்ளைச் சீருடையைப் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பள்ளி இன்னும் திறக்கவில்லை, போனாலும் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை.

"டீச்சர் காத்துக்கிட்டு இருப்பாங்கம்மா."

இவ்வளவு நீளமாக ஒரு பேச்சை அவள் எங்கேயும் தடுமாறாமல் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தக் குரலுக்காக நான் வேண்டாத தெய்வம் இல்லை. அவள் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துவிட்டு, "ஆமாடி, காத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க" என்றேன். காத்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?