எழுதாத தகடு

அந்தப் பித்தளைத் தகடு என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. நான்கு மூலையிலும் திருகாணி. நீண்ட மர இருக்கை ஒன்றின் சாய்மானத்தில், நட்ட நடுவில் பதிக்கப்பட்டிருக்கிறது. எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் இப்படியான இருக்கையை வாங்கு என்போம், அதில் உட்காருவதை இருப்பது என்போம். சிட்னியின் பெரிய ரயில் நிலையத்தில், தொலைதூர ரயில்கள் வந்து நிற்கும் மேடையோரம் அந்த வாங்கு இன்றைக்கும் கிடக்கிறது. தகட்டில் ஓர் எழுத்துக்கூட இல்லை. எழுத்தில்லாத தகட்டை எதற்காக இவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று யாராவது யோசித்தால் அது நியாயமான யோசனைதான். வாங்கையும் தகட்டையும் வரைந்தவன் நான். யோசனை எனக்குரியதல்ல, அன்ரி என்று நான் அழைத்த ஒரு பெண்ணினுடையது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. வெள்ளைத் தோலுக்கு மட்டும் என்றிருந்த கதவை அவுஸ்திரேலியா அப்போதுதான் கொஞ்சம் நீக்கித் திறந்திருந்தது. கொழும்பில் படவரைஞராக இருந்த நான் அந்த நீக்கலுக்குள்ளால் நுழைந்து, சிட்னியில் மாநில அரசின் திணைக்களம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளிக்கூட வேலி, பூங்காக் கழிப்பறை, சைக்கிள் கொட்டகை, இவைதான் என் மேசைக்கு வரும். எங்கள் தலைமை வரைஞர் ஓய்வூதியத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலேயர். எதைச் சொன்னாலும் பெருமூச்சோடுதான் தொடங்குவார். ஒருநாள் அப்படி மூச்சுவிட்டபடி வந்து, "ஒரு நினைவு வாங்கு வரைய வேண்டும், அரசியல் வேலை, கவனமாக இரு" என்றார். ஒரு வாங்கில் என்ன அரசியல் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அந்த வாங்குக்காக அலுவலகத்துக்கு வந்தவர்தான் அன்ரி. இந்த மண்ணின் ஆதிக்குடிப் பெண். அவர்களும் தங்கள் மூத்த பெண்களை அன்ரி என்றுதான் அழைப்பார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வந்த இடத்தில் கூப்பிட ஓர் உறவாவது கிடைத்ததே! அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் இத்தனை வருடங்களில் அவர் சொன்னதெல்லாம் என் காதுக்குள் எங்கள் ஊர்ப் பேச்சாகவே மாறிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

அவர் சிறுமியாக இருந்தபோது அரசாங்கத்தின் ஆட்கள் வந்து தாயிடமிருந்து பிரித்து எடுத்துப் போனார்கள். ஒரு விடுதியில் வைத்துக் கூட்டவும் துணி தோய்க்கவும் பழக்கினார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் ரயிலேற்றி சிட்னிக்கு அனுப்பினார்கள். வந்திறங்கிய பிள்ளைகள் மேடையில் கிடந்த வாங்கில் வரிசையாக இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்காரி வந்து பெயரைக் கேட்டு, கையைத் திருப்பிப் பார்த்து, கூட்டிக்கொண்டு போவாள். போன வீட்டில் விடியலிலிருந்து இருளும்வரை வேலை. சம்பளம் அரசாங்கத்தின் கைக்குப் போகும். உன் நன்மைக்காகத்தான் வைத்திருக்கிறோம் என்றார்கள். பிற்காலத்தில் அதைக் கேட்கப் போனபோது எந்தச் சம்பளம் என்று திருப்பிக் கேட்டார்கள். அப்படி வாழ்ந்த பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். அன்ரி அதற்குத் தலைவி. எடுத்ததைக் கொடு, எடுத்தேன் என்று வாயால் சொல், இவ்வளவுதான் அவர்கள் கேட்டது. மாநில அரசு மத்திய அரசைக் கைகாட்டியது. மத்திய அரசு மாநில அரசைக் கைகாட்டியது. வருடக்கணக்காக அலைந்தும் எல்லாம் கிணற்றில் போட்ட கல். கடைசியில், அழுகிற பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிற மாதிரி, அவர்கள் இருந்த அதே மேடையில் ஒரு வாங்கு போட்டுத் தருகிறோம் என்றார்கள்.

முதல் நாள் நடந்தது இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு மூட்டுகிறது. பாதியில் சிரிப்பு நின்றும்விடுகிறது. என் மேசைக்கு முன்னால் ஒரு கதிரை இருந்தது. அன்ரி அதில் இருக்கவில்லை. மூத்தவர் நிற்கும்போது நான் எப்படி இருப்பது? நானும் எழுந்து நின்றேன். அவர் இருந்தால் இருக்கலாமென்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வரைபடத்தை இருவரும் குனிந்து நின்றபடியே பார்த்து முடித்தோம். பக்கத்து மேசைக்காரர்கள் பேனையை வைத்துவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அன்ரி குரலைத் தாழ்த்தி, "தம்பி, உம்மையும் இஞ்ச இருக்க விடமாட்டினமோ?" என்று கேட்டார்.

அவர் வேலை செய்த வீட்டில் வீட்டுக்காரர் முன்னால் இருக்கக் கூடாது. அந்தப் பழக்கம் காலோடு வந்துவிட்டது. நான் நின்றதும் இதே காரணத்துக்காகத்தான் என்று நினைத்துவிட்டார். இல்லை அன்ரி, இது மரியாதை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பாவின் நினைவு வந்துவிட்டது. எங்கள் ஊரில் அடிமை குடிமை என்று இரண்டு சொற்களைச் சேர்த்தே சொல்லுவார்கள். பெரிய வீடுகளின் நல்லது கெட்டதுக்கெல்லாம் போய் நின்று ஊழியம் செய்கிற குடிமை எங்களுடையது. அந்த வீடுகளின் விறாந்தைக் கதிரையில் அப்பா ஒருநாளும் இருந்ததில்லை. முற்றத்தில் நிற்பார், இருக்கச் சொன்னால் மண்ணில் இருப்பார். அன்ரி பிழையாக நினைத்தார் என்றுதான் முதலில் எண்ணினேன். யோசித்துப் பார்த்தால் பெரிய பிழை ஒன்றுமில்லை. "இருங்கோ அன்ரி, நானும் இருக்கிறன்" என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் இருந்தோம்.

வாங்கு ஒரு பிரச்சினையும் தரவில்லை. மரம், இரும்புக் கால், நீளம், எல்லாம் சுலபமாக ஒத்துக்கொள்ளப்பட்டன. பாடாய்ப் படுத்தியது தகடு. அமைச்சரின் செயலாளர் ஒரு வாசகம் எழுதிக்கொண்டு வந்தார். 'இந்நகரின் இல்லங்களில் விசுவாசத்தோடு பணியாற்றிய சிறுமிகளின் நினைவாக.' அன்ரி அதை இரண்டு தரம் வாசித்தார். விசுவாசத்தோடு என்பதை வெட்டச் சொன்னார். அந்த இடத்தில் 'சம்பளமில்லாமல்' என்று போடச் சொன்னார். செயலாளர் நல்ல மனிதர் மாதிரித்தான் சிரித்தார். சட்டத்தரணிகள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்றார். உலோகத்தில் வெட்டி அரசாங்கமே பொது இடத்தில் வைத்தால் அது ஒப்புதல் வாக்குமூலம். நாளைக்கு அதையே கொண்டுபோய் நீதிமன்றத்தில் காட்டுவார்கள். அன்ரியின் சங்கம் அடிமைத்தனம் என்ற சொல்லைப் பாவிப்பதும் அமைச்சருக்கு வருத்தம் என்றார். "உங்களை யாரும் விலைக்கு வாங்கவில்லையே."

"வாங்கியிருந்தா ஒரு விலையெண்டாலும் இருந்திருக்கும்" என்றார் அன்ரி.

செயலாளர் தன் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். ஆனால் ஒரு பதிலால் அரசாங்கங்கள் அசைந்துவிடுவதில்லை. வாசகம் போவதும் வருவதுமாக நாட்கள் இழுபட்டன. 'கடமையுணர்வோடு' என்று வந்தது. 'கடினமான காலங்களில்' என்று வந்தது. காலத்தின் மேல் பழியைப் போட்டால் காலம் வழக்குப் போடாது. ஒவ்வொரு முறையும் தகட்டின் அளவுக்கு எழுத்தைக் கூட்டிக் குறைத்து நான் வரைவேன், அன்ரி வந்து பார்ப்பார், இல்லையென்று தலையை ஆட்டுவார், போய்விடுவார். படிக்கட்டில் ஏறி வருகிறபோது அவர் மூச்சு வாங்குவது எங்கள் தளம்வரை கேட்கும். சங்கத்துப் பெண்களில் ஒருவர் அந்த இழுபறிக்குள் காலமானார். மற்றவர்கள் களைத்துப் போனார்கள். வாங்கையாவது வாங்கிவிடுவோம், சொல்லை விட்டுவிடுவோம் என்றார்கள். அவர்களில் பிழை பிடிக்க என்னால் முடியாது. அன்ரிக்கும் முடியவில்லை. "எனக்கு அந்தக் காசு கூடத் தேவையில்லைத் தம்பி. நான் கண்ணை மூட முதல் அவங்கள் எடுத்தம் எண்ட அந்தச் சொல்லைச் சொல்ல வேணும். அவ்வளவும்தான்" என்று ஒருநாள் சொன்னார். நான் பென்சிலைச் சீவினேன்.

சங்கம் கூடி, சொல் இல்லாவிட்டாலும் வாங்கை ஏற்பதென்று முடிவெடுத்த மறுநாள் அன்ரி வந்தார். அன்றைக்கு, யாரும் சொல்லாமலே, கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "தகட்டை அடியுங்கோ. எழுத்து வேண்டாம்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "பொய்யை எழுதினா சனம் வாசிச்சுப்போட்டுப் போயிடும். ஒண்டும் இல்லாட்டி, என்ன இதெண்டு நிண்டு கேக்கும். கேட்டா நான் சொல்லுவன்."

செயலாளருக்குப் பெரிய சந்தோஷம், வென்றுவிட்டதாக நினைத்தார். தலைமை வரைஞர்தான் பெருமூச்சு விட்டார். வெறுந்தகட்டை வரைந்து அனுப்பினால் பட்டறைக்காரர்கள் சிரிப்பார்கள், குறிப்பென்று ஏதாவது எழுது என்றார். வரைபடத்தில் தகட்டை நோக்கி ஓர் அம்புக்குறி போட்டு, 'வாசகம் பின்னர்' என்று எழுதினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். அந்த ஆளின் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

திறப்புவிழாவுக்கு அமைச்சர் வந்தார், பேசினார், ரயில் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. அன்ரியைப் பேசச் சொன்னார்கள். அவர் வாங்கில் இருந்துகொண்டு, "இதில இருத்திப்போட்டு ஆள் வரும் எண்டு சொன்னவை. நான் இருக்கிறன். நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றார். அமைச்சர் பகிடி என்று நினைத்துக் கைதட்டினார். அது பகிடியல்ல. அதற்குப் பிறகு உடம்பு இடம் கொடுத்த நாட்களிலெல்லாம் அன்ரி வந்து அந்த வாங்கில் இருந்தார். யாராவது தகட்டைப் பார்த்துக் கேட்டால் சொல்லுவார். கேட்காதவர்களைக் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்.

மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நானும் சில நாட்கள் போவேன். என் சோற்றுப் பெட்டியிலிருந்து உறைப்பில்லாத கறியாகப் பார்த்து எடுத்துக்கொள்வார். அப்பாவைப் பற்றி ஒருநாள் சொன்னேன். "உங்கட ஆக்கள் கேக்கேல்லையோ?" என்றார். யாரைக் கேட்பது அன்ரி? எங்களை நிற்க வைத்தவர்களுக்கு அமைச்சர் இல்லை, செயலாளர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒரே மொழி, ஒரே சாமி. அவர்களுடைய பிள்ளைகளும் சிட்னிக்கு வந்துவிட்டார்கள். பொங்கலுக்கு ஒரே மண்டபத்தில் கதிரை போட்டு இருக்கிறோம். எந்த ஊர் என்று கேட்பார்கள், சொல்லுவேன். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். அதையும் சொன்ன பிறகு கறியைப் பற்றிப் பேசுவார்கள். அன்ரி தண்டவாளத்தைப் பார்த்தார். "அப்ப உங்களுக்கு ஒரு வாங்குகூட இல்லை" என்றார்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அன்ரி போய்விட்டார். அந்தச் சொல்லை அவர் கேட்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு மாநில அரசு அந்தச் சம்பளங்களைத் திருப்பிக் கொடுக்க ஏதோ ஏற்பாடு செய்வதாகப் பேப்பரில் படித்தேன். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எனக்கு வந்தது களைப்பு. பேப்பரை மடித்து வைத்துவிட்டு வெறுமனே இருந்தேன்.

போன மாதம் ஒரு வேலையாக நகருக்குப் போனபோது முழங்கால் வலியில் அந்த வாங்கில் போய் இருந்தேன். மேடை புதிதாகியிருக்கிறது, வாங்கு அதேதான். தகடு முதுகுகள் பட்டுப் பட்டு மினுங்கியது. கைபேசியில் மனைவிக்கு "வாறன், வாறன்" என்று சொல்லி முடித்தபோது, பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தி, "அங்கிள், நீங்கள் தமிழோ?" என்றாள். ஓம் என்றேன். தகட்டைக் காட்டி, "இதில என்ன எழுதியிருந்தது? எல்லாம் தேய்ஞ்சு போச்சுப் போல, ஸோ ஸாட்" என்றாள்.

"தேயேல்லைப் பிள்ளை. இன்னும் எழுதேல்லை" என்றேன்.

அவள் புருவத்தைச் சுருக்கினாள். சொல்லத் தொடங்கினேன். தாயிடமிருந்து பிரித்ததையும் ரயிலேற்றியதையும் சொல்லி, இந்த வாங்கு கிடக்கிற இடம்வரை வந்துவிட்டேன். அதற்குள் அவளுடைய ரயில் வந்துவிட்டது. "ஸொறி அங்கிள், இதை விட்டா லேட்" என்று ஓடினாள். ஏறியவள் கண்ணாடிக்குள்ளிருந்து தகட்டைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. எனக்கான ரயிலும் வந்தது. இன்னும் யாராவது கேட்கக்கூடும் என்று அதைப் போகவிட்டுவிட்டு இருந்தேன்.